குறைந்த உரம், நிறைந்த பூ
பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், கேரள எல்லையில் அமைந்த ஊர் கோவிந்தாபுரம். முதலமடை மாந்தோப்புகளை அடுத்த இப்பகுதியில் பூச்செடி வளர்ப்போர்க்கு இரண்டு தடைகள் உள்ளன: ஒன்று கோடை வெப்பம், மற்றொன்று மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட கீழைக்காற்று.

மூணாறு, உதகை முதலிய மலையூர்களில் நாம் காணும் நாஸ்டர்டியத்தை இங்கும் வளர்க்க இயலும். ஆண்டீஸ் மலைத்தொடரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி குளிர்ச்சியை விரும்புவது. எனவே ஐப்பசி மழை ஓய்ந்ததும் விதைத்தால், மாசி முடியும்வரை பூக்களைக் காணலாம். படரும் கொடிவகை காற்றில் சிதையும். ஏறத்தாழ ஓரடி உயரமே வளரும் 'டாம் தம்', வெண்புள்ளி இலைகளையுடைய 'அலாஸ்கா' ஆகிய குட்டை வகைகளே ஏற்றவை.

விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தொட்டியிலேயே ஊன்ற வேண்டும். பெயர்த்து நடுவதை இதன் வேர்கள் தாங்கா. எட்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு விதைகள் போதும். நீர் தேங்காத எளிய மண்ணே சிறந்தது. நாம் பரிவுடன் எருவை அள்ளி இட்டால் இலை செழிக்கும், பூ குறையும். செலவைக் கூட்டினால் வரவு குறையும் செடி இது!

மருந்து தெளிக்காத செடியின் காரச்சுவையுள்ள இலையையும் பூவையும் பச்சடியில் சேர்க்கலாம். உதிரும் விதைகளை உலர்த்திச் சேமித்தால், அடுத்த ஆண்டுக்கான முதலீடும் நம் கையிலேயே இருக்கும்.