பதற்றமா, எழுச்சி நோயா?

வீட்டில் ஒருவருக்கு ஜுரம் கண்டால் உஷ்ணமானி வைத்துப் பார்க்கிறோம். அவரே பல இரவுகள் உறங்காமல் கூடத்தில் உலாவி, படபடவென்று பேசத் தொடங்கினால், "ஏதோ நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி வாளாவிருக்கிறோம். இதில் அடங்கியுள்ள அபாயத்தை நேயர்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமை.

மனப்பதற்றம் ஒரு வியாதி. மேனியா என்று வைத்தியர் கூறும் எழுச்சி நோய் வேறொரு வியாதி. தூக்கக் குறைவு, இருப்புக் கொள்ளாமை, எண்ணங்களின் ஓட்டம், சிடுசிடுப்பு ஆகியவை இரண்டிலும் காணப்படும். வெளித் தோற்றத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறுவோர் ஏமாறுவது இதனாலேயே.

பிரித்தறிவது எங்ஙனம்? முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். பதற்றமுள்ளவர் தூங்க விரும்புகிறார், தூக்கம் வருவதில்லை, காலையில் சோர்ந்து எழுகிறார். எழுச்சி நோயாளிக்கோ தூக்கமே வேண்டியிருப்பதில்லை; 2 அல்லது 3 மணி நேரம் கண்ணயர்ந்தும் புதுத் தெம்புடன் எழுகிறார். அடுத்தது எண்ணத்தின் போக்கு. முன்னவர், "கெடுதல் வந்துவிடுமோ?" என்று ஓயாது அஞ்சிப் பிறரிடம் ஆறுதல் தேடுகிறார். பின்னவர் ஒரு பொருளை விட்டு மற்றொன்றுக்குத் தாவுகிறார், தம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்கிறார், தடுப்பவர்மீது சீறுகிறார், கடன் வாங்கியும் வாரி இறைக்கிறார்.

பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இதில் தவறிவிடுவது எளிது. இரவெல்லாம் விழித்துத் திட்டம் தீட்டும் தோழரைக் கண்டு, "என்ன உற்சாகம்!" என்று பாராட்டுகிறோம். உற்சாகம் நோயாகாது, மெய்தான். ஆனால் அவருடைய இயல்புக்கே மாறான போக்கு சில நாட்களுக்குள் தோன்றி வளருமாயின், அது பாராட்டுக்குரியதன்று, சிகிச்சைக்குரியது.

தவறாகக் கணித்தால் நேரும் கேடு சிறிதன்று. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழங்கும் மருந்துகளிற் சில, எழுச்சி நோய்க்கு இடமுள்ளவருக்குத் தனியே கொடுக்கப்படின், அந்நோயைத் தூண்டிவிடக்கூடும். சொத்துக்கும் ஆபத்துண்டு. சித்த சுவாதீனமில்லாத வேளையில் செய்த ஒப்பந்தம் செல்லாதென வாதிக்க 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு இடந்தருகிறது. எனினும், அவ்வேளையில் சுவாதீனமில்லை என்று நிரூபிப்பது எளிய காரியமா? கையொப்பமிடுமுன் காப்பதே விவேகம்.

ஆகவே, உறங்கிய நேரம், பேச்சு, செலவு ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். முன்பு எப்போதேனும் இத்தகைய எழுச்சி வந்ததுண்டா என்பதையும் மறைக்காமற் சொல்லுங்கள். இரண்டு நோய்களும் ஒருவரிடமே இருப்பதுண்டு. தைராய்டுக் கோளாறும் இவைபோல வேஷமிடும். ஆதலின் முடிவு வைத்தியருடையதாகவே இருக்கட்டும். 2022-ல் ஏற்பட்ட அரசாங்கத்தின் டெலி மானஸ் தொலைபேசி 14416 யோசனை கூறும். உயிருக்கு ஆபத்து நேருமென்று தோன்றினால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அன்னிய ஆட்சி 1912-ல் விதித்த பைத்தியச் சட்டம், சுதந்திரத்துக்குப் பிறகும் 1993 வரை அமலிலிருந்தது. 2017-ஆம் வருஷத்துச் சட்டமோ மனநோய்ச் சிகிச்சையை ஜனங்களின் உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் மாறிவிட்டது, "பைத்தியம்" என்று ஏசும் நமது நாவு மாற வேண்டாமா?