பள்ளித் தோட்டத்துக்கு எந்தத் தக்காளி?

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே தோட்டத்தில் தக்காளி நடுவது பலரின் வழக்கம். செடி செழிக்கும், பூக்கும். பிறகு பூக்கள் உதிர்ந்துவிடும். ‘நாம நட்டா காய்க்காது’ என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். குறை அவர்களிடம் இல்லை. இரவு வெப்பத்தில் இருக்கிறது.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. இரவில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் நன்றாகக் காய்பிடிக்கும். வெப்பம் மிகுந்தால் மகரந்தம் வீரியமிழந்து பூ உதிரும். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால், சிவப்பு நிறமியான லைக்கோபீன் உருவாவதும் குறையும். நான் பணிபுரியும் காட்டுப்பாக்கத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள்தான் ஓரளவு குளிர்ச்சியானவை. அப்போது பூக்கும்படி நடுவதே முதல் வேலை.

எப்போது விதைப்பது?

அக்டோபர் நடுவில் குழித்தட்டில் விதைத்து, மழை நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். 25 நாள் நாற்றை மேட்டுப்பாத்தியிலோ வளர்ப்புப் பையிலோ நடலாம். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆண்டுத் தேர்வுக்கு முன்பே, பிப்ரவரியில் பழம் பறிக்கலாம்.

எந்த ரகம்?

சுவைக்கு என் தேர்வு பி.கே.எம். 1. ‘அன்னஞ்சி’ என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது இது. தட்டையான உருண்டைப் பழம். காயின் காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையில் ஒரு செய்தி உண்டு. காயிலுள்ள பசுங்கணிகங்களும் சர்க்கரை தயாரிக்கின்றன. சீராகச் சிவக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பல நவீன ரகங்களில் பசுங்கணிக வளர்ச்சிக்கான மரபணு செயலிழந்திருப்பதை 2012இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதனால் சர்க்கரையும் சற்றுக் குறைகிறது.

இலைச்சுருட்டை நோய் மிகுந்த இடங்களுக்கு, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்‌ஷக்’ பொருந்தும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகம். அதன் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் இருக்காது. பி.கே.எம். 1 விதையைச் சேமித்து மறு ஆண்டும் விதைக்கலாம்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்பினர் உதிர்ந்த பூக்களையும் பிடித்த காய்களையும் எண்ணி எழுதட்டும். பத்தாம் வகுப்பில் மெண்டலைக் கற்பிக்கும்போது, ஒட்டு ரகத்தின் இரண்டாம் தலைமுறைச் செடிகளையே காட்டலாம். பறித்த பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், மணம் குறையும். செடியிலேயே பழுத்ததையும் கடையில் வாங்கியதையும் கழுவி நறுக்கி, எது எது என்று சொல்லாமல் மாணவர்களிடம் கொடுங்கள். எது சுவை என்று அவர்களே சொல்லட்டும்.