முதுகுப்புறத்துக் குளிர்



களனி ஆற்றின் கரையில் வாழும் நமக்குக் குளிர் என்பது பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்ட செய்தியே. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தை மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை 22 பாகை செல்சியசுக்கு இறங்கிவிட்டால், "இன்று என்ன குளிர்!" என்று சால்வையைத் தேடுகின்றோம். ஆயின், இவ்வாற்றின் நீர் பிறக்கும் மலையுச்சிகளிலே கதை வேறு. களனி, மகாவலி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலையூற்றுக்களைத் தரும் ஹோர்ட்டன் சமவெளி, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பூகோள பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. அதன்படி கொழும்பில் 22 பாகையாயிருக்கும் இரவில் அங்கே எட்டு அல்லது ஒன்பது பாகைதான் இருக்கும். வானம் முகிலின்றித் தெளிந்திருப்பின், நிலம் தன் வெப்பத்தை விண்ணுக்கு விட்டுவிட, தை மாசியிற் புல்நுனியிலே உறைபனி படிவதும் உண்டு.

மலைநாட்டுக்குப் பாசறையிடச் செல்லும் நம் மாணவரிற் சிலர், கூடாரத்துக்குப் பதிலாக, இரு மரங்களுக்கிடையே கட்டித் துயிலும் தொங்குமஞ்சத்தைக் கொண்டு செல்கின்றனர். ஆங்கிலத்தில் 'ஹமொக்' என வழங்குவது இதுவே. ஈரநிலத்திற் படுக்க வேண்டியதில்லை. அட்டைக் கடியும் குறைவு. சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். எல்லாம் நன்மையே. ஆயினும் திரும்பி வந்து அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "மேலே இரண்டு கம்பளி போர்த்தினோம், சேர். முதுகுதான் விறைத்துப் போயிற்று."

இரண்டு கம்பளி போர்த்தியும் முதுகு ஏன் விறைக்கிறது? இதனை விளங்கிக்கொள்ளக் கம்பளி செய்யும் வேலை யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது நம் உடல். துயிலும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடல், முன்னாளில் நாம் ஏற்றிய 75 வாற்று மின்குமிழ் அளவுக்கு ஓயாது வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கிறது. அது ஓடிப்போகாமற் காப்பதே போர்வையின் தொழில். அங்கும் உண்மையான காவற்காரன் நூலன்று. நூலிழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்றே. அசையாக் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நீரோ அதனிலும் இருபது மடங்குக்கு மேல் விரைவாகக் கடத்தும். நனைந்த கம்பளியின் கதை இதனால் விளங்கும்.

மேலே போர்த்திய கம்பளி உப்பி நிற்கும். அதனுட் காற்று உண்டு. கீழே விரித்த கம்பளியோ உடலின் பாரத்தால் நசுங்கிவிடும், காற்று வெளியேறிவிடும். பெரும் விலை கொடுத்து வாங்கிய இறகுத் துயிற்பையும் முதுகின் கீழ்ப் பத்திரிகைத் தாள்போலத் தட்டையாகிவிடுகிறது. தரையிற் படுத்தவனிடமிருந்து தரை வெப்பத்தைக் கடத்திக்கொள்ளும். தொங்குமஞ்சத்திற் படுத்தவனுக்குத் தரையின் தொல்லை இல்லை. ஆனால் அவனுக்குக் கீழே இரவு முழுவதும் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. சூடான தேநீரைத் தட்டில் ஊற்றி ஊதி ஆற்றுகின்றோம் அல்லவா? அதே வேலையைத்தான் மலைக்காற்று அவன் முதுகுக்குச் செய்கிறது. உறைபனி வேண்டியதில்லை, 20 பாகையளவிலேயே பலர் இக்குளிரை உணரத் தொடங்குவர்.

இதில் வியப்பில்லை. தொங்குமஞ்சம் வெப்பநாட்டார் கண்ட படுக்கை. 1492 இல் கொலம்பசு மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த தாயினோ மக்கள் பருத்தி வலைகளைக் கட்டி அவற்றில் உறங்குவதைக் கண்டார். 'ஹமாக்கா' என்பது அவர்கள் மொழிச் சொல்லே. 1597 இல் ஆங்கிலேயக் கடற்படையும் இதனை ஏற்றுக்கொண்டது. கப்பலின் தளத்துக்குக் கீழே, மாலுமிகள் நெருங்கிப் படுக்கும் இடத்தில், அடியிலிருந்து வீசும் காற்றால் அவர்களுக்கு இடரில்லை. அமேசன் காட்டு மக்களிற் சிலர் மஞ்சத்தருகே இரவெல்லாம் சிறுதீ வளர்ப்பர். அதனை நம் மாணவர் பின்பற்றலாகாது. நைலோன் துணி ஒரு பொறியில் உருகிவிடும், காட்டுக்கும் கேடு.

அப்படியாயின் வழி என்ன? காப்பு கீழே இருக்க வேண்டும். ஆயினும் உடலின் பாரம் அதன்மீது விழலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் வழி, மெத்தென்ற போர்வையை மஞ்சத்துக்கு உள்ளே விரியாமல், வெளியே, மஞ்சத்தின் அடியில் தொங்கவிடுவது. மேலைநாட்டு மலையேறிகள் இதற்கென்றே வாத்திறகு அடைத்த அடிப்போர்வையைப் பயன்படுத்துகின்றனர். நமக்கு அது வேண்டியதில்லை. நம் வீடுகளில் வழங்கிய இலவம்பஞ்சு இதற்கு ஏற்றது. அதன் இழை உள்ளே குழலானது, இலேசானது, நீரை எளிதில் உறிஞ்சாது. உயிர்காப்பு அங்கிகளில் அதனை அடைத்தமைக்கும் காரணம் இதுவே. இலவம்பஞ்சு அடைத்து இடையிடையே தையலிட்ட மெல்லிய மெத்தை, அல்லது இரண்டாய் மடித்துத் தைத்த தடித்த கம்பளி, இரண்டில் ஒன்று போதும். இரு தலைப்பிலும் மடித்துத் தைத்து, அதனூடே கயிறு கோத்து, மஞ்சத்தின் இரு முனைகளிலும் கட்டிவிட வேண்டும்.

கட்டுவதிலேதான் நுட்பம் இருக்கிறது. கயிற்றை இறுக்கினால் போர்வை முதுகோடு நசுங்கி, உள்ளே விரித்ததற்கும் இதற்கும் வேறுபாடின்றிப் போகும். தளர்த்தினால் இடையிலே குளிர்காற்று புகுந்து குளம்போலத் தங்கும். ஒருவர் படுத்திருக்க, மற்றொருவர் தம் கையை மஞ்சத்துக்கும் போர்வைக்கும் இடையே செலுத்திப் பார்க்க வேண்டும். உள்ளங்கையும் புறங்கையும் துணியை மெல்லத் தொட்டுக்கொண்டே வழுக்கிச் செல்லுமாயின் சரி. முட்டிக்கை தாராளமாய்ப் போகுமாயின் கயிற்றைச் சற்று உயர்த்துக. தலைப்பக்கமும் காற்பக்கமும் வாய் திறந்திருக்கலாகாது. சுருக்குக் கயிற்றால் மூடிவிடுக. மழைக்குக் கட்டும் படங்கைக் காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டினால் பாதி வேலை முடிந்தது.

தைக்க இயலாதவர்க்குத் தேகப்பயிற்சிக்கு விரிக்கும் தடித்த நுரைப்பாய் உதவும். அதன் நுண்ணறைகள் மூடியவை. பாரத்தால் அவ்வளவாக நசுங்கா. குறை என்னவெனில், மஞ்சம் வளைந்து தோள்களைத் தழுவுவதால், ஒடுக்கமான பாய்க்கு வெளியே தோள் குளிரும். நள்ளிரவிற் பாயும் நழுவிவிடும். இரண்டு படுக்கை விரிப்புக்களைச் சேர்த்துத் தைத்து, இடையிற் பாயைச் செருகினால் நழுவாது. பொலித்தீன் தாளை மட்டும் முதுகோடு ஒட்டவிட வேண்டாம். வியர்வை அதிற் படிந்து ஈரமாகும். ஈரத்தின் கேட்டை முன்னரே சொன்னேன்.

கீழிருந்து வரும் குளிரை நம்மினும் நன்கு அறிந்தவர் மலைநாட்டுத் தோட்ட மக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்து அறையில், சீமெந்துத் தரையில் உறங்கியோர், இருந்த சாக்கையும் பாயையும் கீழே விரித்து, ஒற்றைக் கம்பளியை மேலே போர்த்தனர். இன்றும் அவ்வறைகளிலே வாழ்வோர் பலர். மூன்று நாட் பாசறைக்குச் செல்லும் பட்டணத்துப் பிள்ளைக்குப் புதுமையாய் இருப்பது, அவர்களுக்கு ஆண்டு முழுவதும் உள்ள வாழ்க்கை. சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழியில் அம்பலங்களிலே படுக்கும் அடியார்க்கும் இதையே சொல்வேன்: இரண்டாவது போர்வை கிடைத்தால் அதனை மேலே போடாதீர்கள், மடித்துக் கீழே போடுங்கள்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் அது நோய். நடுங்கும் பிள்ளை இன்னும் தன் உடலால் எதிர்த்து நிற்கிறான். சொல் குழறி, கால் தடுமாறி, நடுக்கமும் நின்றுவிட்டால், "சரியாகிவிட்டது" என்று எண்ணலாகாது. ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையைக் கீழும் மேலும் சுற்றி, உடனே வைத்திய உதவியை நாடுக. காப்புக் காடுகளில் இரவு தங்க முன் அனுமதி பெறல் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. அனுமதி பெற்றவர் எங்கே தங்கியுள்ளார் என்பதைத் தேடி வருவோரும் அறிவர்.

கொழும்பிலே மலைக்குளிர் இல்லை. எனினும் ஒத்திகை பார்க்க வழி உண்டு. வீட்டு விறாந்தையில் மஞ்சத்தைக் கட்டி, அடிப்போர்வையைத் தொங்கவிட்டு, மேசை விசிறியொன்றைக் கீழே வைத்து முழு வேகத்திற் சுழலவிடுங்கள். அரை மணி நேரம் அசையாது படுத்திருங்கள். முதுகில் எவ்விடத்திற் காற்றுப் படுகிறதோ, அவ்விடத்துக்கு நேரே கயிற்றைச் சரிசெய்யுங்கள்.