சில்லுக்குள்ளே போகும் கை

ஏ9 வீதியில் பலகடுவ வளைவுகளை இறங்கி வரும் வாகனமானாலும் சரி, றிவஸ்டன் பார்த்துவிட்டு ரத்தோட்டைப் பக்கமாக இறங்கி வரும் வாகனமானாலும் சரி, மாத்தளை டவுனைத் தொடும்போது அதன் பிரேக் கொதித்துப்போய்த்தான் இருக்கும். சீகிரியாவில் ரலிகிராஸ் போட்டியெல்லாம் நடந்த மாவட்டம் இது. வேனும் ஆட்டோவும் போதாதென்று, வார இறுதிகளில் தரையை ஒட்டிய உடம்பும் பெரிய அலோய் ரிம்மும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களும் வந்து போகின்றன. மலைச் சேறோடு நேரே சேர்விஸ் ஸ்டேஷனுக்குள் காரை விட்டு, “பாஸ், சில்லு நாலையும் நல்லா அடிச்சு விடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஓனர் டீ குடிக்கப் போகிறார். பொடியன் வாட்டர் கன்னை எடுத்து ரிம்மின் கம்பிகளுக்கிடையே நீட்டுகிறான். சுர்ரென்று ஆவி கிளம்புகிறது.

அந்தச் சத்தம் கேட்டாலே தவறு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்த டிஸ்க் பல நூறு பாகை சூட்டில் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் பட்டால் இரும்பு சமமில்லாமல் சுருங்கும். டிஸ்க் கோணலாகலாம், வெடிப்பும் விடலாம். பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும். கைவைக்கும் அளவுக்கு ரிம் ஆறும்வரை பொறுத்தால் இந்தச் செலவு இல்லை. அந்த டீயை ஓனர் காரைக் கழுவக் கொடுக்கும் முன்னரே குடித்திருக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் காரின் சில்லு ஏன் இவ்வளவு சிரமம்? வேகத்துக்கு ஏற்ற பெரிய டிஸ்க்கும் கலிப்பரும் ரிம்முக்குள் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கின்றன. கம்பிகள் மெல்லியவை, நெருக்கமானவை. ரிம்மின் உட்புறம் ஒரு முழங்கை ஆழத்தில் கிடக்கும். மேலே மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவே கை நுழையவே இடமிராது. அந்த உட்புறத்தில்தான் பிரேக் தூள் படிகிறது. டிஸ்க்கிலிருந்து தேய்ந்த இரும்புத் துகளும் பேடின் பிசினும் சூட்டில் வெந்து ஒட்டிய கறுப்பு அது. சாதாரண ஷாம்புவுக்கு லேசில் அசையாது. அங்கேதான் ஆட்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

குறுக்கு வழிகளில் மோசமானது அசிட். லேபிள் இல்லாத கேனில் ‘அலோய் கிளீனர்’ என்று வருவது என்னவென்று விற்பவருக்கே சில வேளை தெரியாது. உலகெங்கும் சில்லு கழுவும் கடுமையான திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அசிட் அல்லது அமோனியம் பைஃபுளோரைட் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது நனைந்தால் முதலாவதைப் போலவே வேலை செய்யும். செறிவு குறைந்த திரவம் கையில் பட்டால் உடனே எரியாது. மணிக்கணக்கு கழித்து, இரவு படுக்கப் போகும்போது எலும்புக்குள் குடைவதுபோல வலி தொடங்கும். ஃபுளோரைட் தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதிகம் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே “எரியல்லயே, பரவாயில்ல” என்று இருந்துவிடக் கூடாது. நனைந்த உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தோ வேறு வாகனத்திலோ மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கேனையும் கையோடு கொண்டு போங்கள். அசிட் இன்னதென்று தெரிந்தால்தான் டொக்டர் கல்சியம் குளுக்கோனேட் ஜெல் போன்ற சரியான மருந்துக்குப் போக முடியும்.

ரிம்முக்கும் அசிட் நல்லதல்ல. மேல் பூச்சு இல்லாத அலுமினியத்திலும் நிறம் ஏற்றிய கலிப்பரிலும் வெள்ளைத் திட்டு விழுந்தால் தேய்த்து எடுக்க வழியில்லை. அதற்குப் பதில் நடுநிலைக் கார் ஷாம்பு, நீண்ட மென்மையான பிரஷ், பழைய டூத்பிரஷ் ஒன்று, சில்லுக்கென்று தனி வாளி. இவை போதாத இடத்தில் இரும்புத் தூளைக் கரைக்கும் திரவம் கடையில் கிடைக்கிறது. அடித்ததும் ஊதா நிறமாக வடியும், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில், காயவிடாமல் கழுவிவிட்டால் ரிம்முக்குப் பழுதில்லை.

எட்டாத இடத்தை எட்ட ஜக் வைப்பது அடுத்த ஆபத்து. காரோடு வரும் ஜக் சில்லு மாற்ற மட்டும்தான். அதை நம்பித் தலையையோ கையையோ அடியில் விடாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். உண்மையில் பெரும்பாலும் ஜக்கே தேவைப்படாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பினால் முன் சில்லின் உட்புறம் வெளியே தெரியும். அந்தப் பக்கம் முடிந்ததும் சில்லு அரைச் சுற்று சுழலும்படி காரை உருட்டினால் கலிப்பருக்குப் பின்னால் மறைந்திருந்த பகுதி முன்னால் வந்துவிடும். சில்லைத் தூக்கி எஞ்சினை கியரில் ஓடவிட்டு, சுழலச் சுழலத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். கம்பிக்கும் கலிப்பருக்கும் நடுவே விரல் அகப்பட்டால் எடுக்க நேரம் கிடைக்காது. எஞ்சின் ஓட மோட்டார் சைக்கிள் செயினைத் துணியால் துடைப்பதும் இதே கதை.

வாட்டர் கன்னை விளையாட்டாக எடுக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் மிக நெருக்கமாக, ஒரே இடத்தில் அடித்தால் உள்ளே நார் பலவீனப்படும். வெளியே ஒன்றும் தெரியாது. கையில் அடித்தால் சின்னப் புள்ளிதான் காணும், ஆனால் அழுக்குத் தண்ணீர் தசைக்குள் போயிருக்கும். உடனே சத்திரசிகிச்சை பார்க்க வேண்டிய காயம் அது. மெஷினுக்கு வரும் வயர் ஈரத்தில் கிடந்தால் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். கழுவி முடித்து அடியில் டீசல் கலந்த எண்ணெய் அடிக்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. அது பிரேக் பேடில் பட்டால் அடுத்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

இனி உரிமைப் பக்கம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளருக்குத் தரும் உத்தரவாதம். தனியாக எழுதி வாங்கத் தேவையில்லை. கேட்டால் பில் கொடுக்கவும் வேண்டும். ரிம் கெட்டுவிட்டால் போட்டோ எடுத்து, பில்லை இணைத்து, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அதிகாரசபைக்கு முறையிடுங்கள். முதலில் 1977க்கு அழைத்து விசாரிக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம், அது சலுகையல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை. பில் வாங்காமல் போவது நம்மில் பலருக்கு ஒரு பெருமை போல. பிறகு பேச்சுத்தான் மிஞ்சும்.

“வாகனத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற பலகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, கவனயீனத்தால் வரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை ஒரு பலகையைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. பொருள் நட்டத்திலும் அந்த நிபந்தனை நியாயமானதாக இருந்தால்தான் செல்லும்.

சட்டம் அதிகம் தேவைப்படுவது கழுவுகிற பொடியனுக்குத்தான், ஆனால் அவனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு வாய்ச்சொல் ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். “நாளைக்கு வா” என்று கூப்பிட்டு வேலைக்கு வைத்தவரும் முதலாளிதான். வேலையில் வந்த காயத்துக்கு அவர் நட்டஈடு தர வேண்டும். ஆஸ்பத்திரியில் துண்டு எழுதும்போது “வேலை செய்யும்போது பட்டது” என்று சொல்லிப் பதிய வையுங்கள். வீட்டில் விழுந்தேன் என்று முதலாளிக்காகப் பொய் சொன்னால் நட்டஈட்டுக் கோரிக்கை அங்கேயே பலமிழந்துவிடும். பிறகு சுணங்காமல் மாத்தளை தொழில் அலுவலகத்துக்குப் போய் வழி கேளுங்கள். 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதே குற்றம். ஆபத்தான வேலைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சிறுவர் யாராவது இந்த வேலையில் இருப்பதைக் கண்டால் 1929க்கு அழையுங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மாத்தளை வழியே ஓடும் சுதுகங்கையில், பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வரும் மகாவலித் தண்ணீரும் சேர்கிறது. பிறகு அம்பன் கங்கையாகி வரண்ட வலய வயல்களுக்குப் போகிறது. ஆற்றங்கரையில் காரை நிறுத்திக் கழுவினால் அந்த எண்ணெயும் பிரேக் தூளும் அதே வழியில் போகும். உள்நாட்டு நீரை மாசுபடுத்துவது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி குற்றம். சேர்விஸ் ஸ்டேஷன்களும் அதே சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டிய தொழில்தான். எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா என்று கேட்க வாடிக்கையாளர் கூச்சப்படத் தேவையில்லை. வயல் பக்கம் போய் வந்த வாகனத்தின் சேற்றை வெட்டுக்காயம் உள்ள வெறுங்கையால் தோண்டாதீர்கள். 2008இல் நாடெங்கும் எலிக்காய்ச்சல் பரவியபோது மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று.

கார் கைக்கு வந்ததும் ஈரமான பிரேக்கை மெதுவாக நாலைந்து தடவை மிதித்து உலர்த்திவிட்டு வீதிக்கு எடுங்கள். சில்லைக் கழற்றிக் கழுவியிருந்தால் நட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால்தான் இறுக்க வேண்டும். நடுவில் ஒற்றை நட்டோடு வரும் போர்ஷ் 911 ஜிடி3க்கு அந்த அளவு 600 நியூட்டன் மீற்றர். சாதாரணக் காரின் ஒரு நட்டுக்குத் தேவைப்படுவதைப்போல ஐந்தாறு மடங்கு. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்ப்பதையும் சேர்த்தே பில்லில் எழுதச் சொல்லுங்கள்.