இடுப்பில் செருகும் முன்: சிறிய கைத்துப்பாக்கியை வாங்குவதும் பழக்குவதும்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதை நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் வாரங்கள் ஆகும். பலர் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமலே துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவது வேலைக்காகவே இந்தக் கட்டுரை.

இன்று கடைகளில் அதிகம் கேட்கப்படுவது 9 மி.மீ. தோட்டா போடும் மிகச் சிறிய பிஸ்டல்கள். 2015-இல் வந்த கிளாக் 43-இன் மேகசினில், அதாவது தோட்டாக்களை நிரப்பிச் செருகும் பெட்டியில், ஆறு தோட்டாதான் பிடிக்கும். 2018 தொடக்கத்தில் சிக் சாவர் நிறுவனம் பி365 என்ற பிஸ்டலை அறிமுகப்படுத்தியது. கிட்டத்தட்ட அதே அளவு உடலுக்குள் பத்துத் தோட்டா. மறு ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனம் ஹெல்கேட்டைக் கொண்டுவந்தது. அதுவரை மறைக்க எளிதான துப்பாக்கி என்றால் தோட்டா குறைவு, தோட்டா அதிகம் என்றால் துப்பாக்கி பருமன் என்றிருந்த கணக்கு மாறிப்போனது.

ஆனால் இயற்பியல் மாறவில்லை. பி365-இன் குழல் நீளம் 3.1 அங்குலம், எடை காலி மேகசினோடு சுமார் அரை கிலோ. காவல்துறையினர் பலர் வைத்திருக்கும் கிளாக் 19-க்குக் குழல் 4 அங்குலம், எடை சுமார் 670 கிராம். இரண்டும் சுடுவது ஒரே 9 மி.மீ. தோட்டாவை. எடை குறைந்தால் கையில் உதைப்பு கூடும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் குறைந்தால், குறிகள் சற்றே பிசகினாலும் குண்டு இலக்கிலிருந்து நிறைய விலகும். புதிதாகக் கற்பவருக்குச் சிறிய துப்பாக்கிதான் சுலபம் என்று கடைக்காரர்களே சொல்வதுண்டு. அது தவறான யோசனை. சிறியதைச் சுடுவதுதான் கடினம். உடல்வாகும் உடையும் இடம் கொடுத்தால் ஒரு அளவு பெரியதை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள். பல சுடுபயிற்சி மையங்களில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். பிடியைக் கையில் எடுத்ததும் ஆள்காட்டி விரலின் நுனித் தசை நெருடலின்றி டிரிகர் மேல் உட்கார வேண்டும். குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். சிறிய பிஸ்டல்களின் சுருள்வில் கெட்டியானது என்பதால் மூத்தவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் இதில்தான் திணறுவார்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுப்பதற்குப் பதில், ஸ்லைடின் மேல் முழுக்கையையும் போட்டு இறுகப் பிடித்துக்கொண்டு, பிடி உள்ள கையை முன்னே தள்ளினால் பலருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்படியும் முடியாதவர்களுக்கென்றே ஸ்மித் அண்டு வெஸன் நிறுவனம் ஷீல்டு ஈசி என்ற எளிதில் இழுபடும் வகையை விற்கிறது.

இனி சட்டம். உரிமம் பெற்ற வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து வரும் விதி. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். வேறொருவருக்காக மறைமுகமாக வாங்குவதும் அப்படித்தான். பிறகு 1998 முதல் எஃப்.பி.ஐ. நடத்திவரும் பின்னணிச் சோதனை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். கலிஃபோர்னியாவில் சோதனை முடிந்தாலும் பத்து நாள் காத்திருந்தே துப்பாக்கியைக் கையில் வாங்க முடியும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் பொதுவாகத் தடைசெய்யப்பட்டவை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. நண்பர் அழைத்தார் என்று பயிற்சி மையத்துக்குப் போய்த் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூடச் சிக்கலாகலாம் என்பதால் முன்கூட்டியே வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வாங்குவது வேறு, மறைத்து எடுத்துச் செல்வது வேறு. 2022 ஜூனில் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனக்கு ஆயுதம் தேவைப்படும் சிறப்புக் காரணத்தைக் காட்டினால்தான் அனுமதி என்ற நிபந்தனையை ரத்துசெய்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று அனுமதிச் சீட்டே தேவையில்லை. மற்றவற்றில் பயிற்சி, கைரேகை, கட்டணம் எல்லாம் உண்டு. ஒரு மாநிலத்தின் சீட்டு பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம். காரில் எல்லை தாண்டும் நொடியில் சட்டப்படி நடப்பவர் குற்றவாளி ஆகிவிட முடியும். அஞ்சலகம் போன்ற கூட்டாட்சி அரசுக் கட்டடங்களுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது.

சரி, துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே சுடப் போக வேண்டாம். தொழிற்சாலையில் பூசியிருக்கும் எண்ணெய் பெரும்பாலும் துரு பிடிக்காமல் காப்பதற்காகப் போட்டது. கையேட்டைப் பார்த்துப் பிரித்து, துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் துப்பாக்கிக்கான எண்ணெயைச் சொட்டு அளவில் இட வேண்டும். புது மேகசினில் கடைசித் தோட்டாவை அமுக்குவதற்குள் கட்டைவிரல் நொந்துவிடும். தோட்டாக்களை நிரப்பிச் சில நாள் வைத்திருந்தால் அதன் சுருள்வில் கொஞ்சம் இளகும்.

புது வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதைப் போலத்தான் துப்பாக்கியைப் பழக்குவதும் என்று பலர் நினைக்கிறார்கள். உரசும் பாகங்கள் வழவழப்பாவது உண்மைதான். காஹ்ர் (Kahr) என்ற துப்பாக்கி நிறுவனம் தன் பிஸ்டல்களை 200 தோட்டா சுட்ட பிறகே நம்பத்தக்கதாகக் கொள்ளச் சொல்கிறது. பல நிறுவனங்கள் அப்படி எதுவும் சொல்வதில்லை. ஆனால் பழக்குவதன் முக்கிய வேலை உலோகத்தைத் தேய்ப்பதல்ல, சோதிப்பது. இந்தத் துப்பாக்கி, இந்த மேகசின், இந்தத் தோட்டா, இந்தக் கை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற சோதனை அது. இவற்றில் எது மாறினாலும் சோதனையின் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சிறிய பிஸ்டலுக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும்? அதன் ஸ்லைடு இலேசானது, ஓடும் தூரமும் குறைவு. அதனால் வேகமாகப் போய் வேகமாகத் திரும்புகிறது. அந்த நொடித்துளிக்குள் வெற்று உறை வெளியே பறக்க வேண்டும், மேகசின் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றித் தர வேண்டும். பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும் பிழையை இது பொறுக்காது. அதிலும் முக்கியமானது மணிக்கட்டு. சுடுபவரின் மணிக்கட்டு தளர்ந்திருந்தால், ஸ்லைடோடு சேர்ந்து முழுத் துப்பாக்கியும் பின்னுக்குப் போய்விடும். ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காது. வெற்று உறை வெளியேறும் வாசலில் குத்திட்டு நிற்கும். துப்பாக்கி சரியில்லை என்று கடைக்குத் திரும்பி வருபவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது வேறு துப்பாக்கி அல்ல, இறுக்கமான பிடி. இதைப் பிரித்தறிய எளிய வழி, அனுபவமுள்ள ஒருவரிடம் அதே துப்பாக்கியை, அதே தோட்டாவோடு கொடுத்துச் சுடச் சொல்வது.

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிந்து, விலை குறைந்த முழு உறையிட்ட பயிற்சித் தோட்டாவில் 200 போல, ஒரே நாளில் அல்லாமல் இரண்டு மூன்று முறையாகச் சுடுங்கள். களைத்த கை பொய்யான தகவல் தரும். மேகசின்களுக்கு எண் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடங்கலையும், அது எந்த மேகசினில், எத்தனையாவது தோட்டாவில் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் எண் மேகசினிலேயே திரும்பத் திரும்பச் சிக்கினால் குற்றம் துப்பாக்கியுடையதல்ல. முதல் ஐம்பதில் ஒன்றிரண்டு தடங்கல் வந்து பிறகு நின்றுபோனால் கவலை வேண்டாம். கடைசி நூறில் வந்தால் அந்தத் துப்பாக்கி இடுப்புக்குப் போகக் கூடாது, தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். கையில் ஈயத்தூள் படிந்திருக்கும்.

பிறகு, தினமும் எடுத்துச் செல்லப்போகும் தோட்டா. பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது முனையில் குழி உள்ள வகை. உடலில் பட்டதும் விரிந்து, ஊடுருவி அப்பால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்பைக் குறைக்கும் என்பது காரணம். அதன் முனையின் வடிவம் வேறு என்பதால், பயிற்சித் தோட்டாவை விழுங்கும் துப்பாக்கி இதில் முரண்டு பிடிக்கலாம். விலை அதிகம் என்று இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. உயிரைக் காக்கத்தான் இத்தனையும் என்றால் இங்கே சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை. குறைந்தது ஐம்பது தோட்டாவாவது தடங்கலின்றி ஓட வேண்டும்.

துப்பாக்கி உறைக்கும் அதே கண்டிப்பு தேவை. டிரிகரை முழுதும் மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் வேண்டும். துணிப்பையோ தளர்ந்த தோலோ வேண்டவே வேண்டாம். தற்செயலாகச் சுட்டுக்கொள்ளும் விபத்துகள் பலவும் துப்பாக்கியை வெளியே எடுக்கும்போது நிகழ்வதில்லை. திரும்பச் செருகும்போது, டிரிகர் வளையத்துக்குள் விரலோ சட்டை நுனியோ மாட்டி நிகழ்கின்றன. செருகுவதற்கு அவசரமே இல்லை. சட்டையை விலக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, விரலை நீட்டி வைத்துக்கொண்டு மெதுவாகச் செருக வேண்டும். இந்த அசைவை, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியில் வாரக்கணக்கில் பழகலாம்.

வீட்டில் வைப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வாங்குபவர் அஞ்சுவது வெளியிலிருந்து வரும் ஆளை. எண்ணிக்கை காட்டுவதோ வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தை. குழந்தையோ, மனம் நொந்திருக்கும் ஒருவரோ வீட்டில் இருந்தால், இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். மனம் நொந்தவர் வாங்கியவரே என்றால், அந்தக் காலம் தீரும்வரை துப்பாக்கி வீட்டிலேயே இருக்கக் கூடாது.

பூட்டி வைப்பதிலும் ஒரு நுணுக்கம். தினமும் இரவு தோட்டாவை வெளியே எடுத்துக் காலையில் அதே தோட்டாவைத் திரும்ப ஏற்றும் வழக்கம் சிலருக்கு உண்டு. ஒவ்வொரு முறை ஏறும்போதும் தோட்டாவின் முனை மோதி, குண்டு உறைக்குள் சிறிது சிறிதாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். எனவே முடிந்தவரை துப்பாக்கியை ஹோல்ஸ்டரோடு கழற்றி, அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வெளியே எடுத்தே ஆக வேண்டியிருந்தால் அந்தத் தோட்டாவைப் புதியது ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குட்டையாகியிருந்தால் அதை எந்தத் துப்பாக்கியிலும் போடாமல் பயிற்சி மையத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.