ரிப்போர்ட்டில் சோடியம் குறைவா? இதய நோயாளிக்கு உப்பைக் கூட்டலாமா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'சோடியம் 128' என்று வந்துவிட்டால், பல வீடுகளில் அடுத்த வேளையே உப்பு போட்ட மோரும் ஊறுகாயும் தட்டுக்கு வந்துவிடும். 'உப்புச்சத்து குறைஞ்சிடுச்சாம், கொஞ்சம் சேர்த்துக்குங்க' என்ற அக்கறைதான் காரணம். ஆனால், இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அந்த அக்கறையே மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம்.

உப்பு குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது!

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. 135-க்குக் கீழே இறங்கினால் அது சோடியம் குறைபாடு.

'ஹார்ட் ஃபெயிலியர்' என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை பம்ப் செய்ய முடியாமல் இதயம் திணறுகிறது என்று அர்த்தம். ரத்த ஓட்டம் குறைந்ததும், 'உடலில் நீர் போதவில்லை' என்று உடல் தவறாகக் கணக்குப் போடுகிறது. உடனே வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரக்க, சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாமல் தேக்கிவைக்கிறது.

ரசத்தில் தண்ணீரை அதிகம் ஊற்றினால், போட்ட உப்பு அப்படியே இருந்தும் சப்பென்று ஆகிவிடும் அல்லவா? ரத்தத்திலும் அதேதான் நடக்கிறது. இந்த நிலையில் உப்பைக் கூட்டினால், நீர் இன்னும் தேங்கி கால் வீங்கும். நுரையீரலிலும் நீர் கோக்கும்.

சிலருக்கு மட்டும் நீர் பிரியும் மாத்திரைகளாலோ, வாந்தி, பேதியாலோ சோடியம் உண்மையாகவே வெளியேறியிருக்கும். எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியவர் மருத்துவர்தான்.

உயிருக்கு என்ன ஆபத்து?

அமெரிக்காவின் 259 மருத்துவமனைகளில் சேர்ந்த சுமார் 48,600 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் விவரங்களை அலசிய ஆய்வு 2007-ல் வெளியானது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சேரும்போதே சோடியம் குறைவு. அவர்களில் 6 சதவிகிதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். மற்றவர்களில் இது 3.2 சதவிகிதம்.

அப்படியென்றால் சோடியத்தை ஏற்றிவிட்டால் போதுமா? அதே ஆண்டு வெளியான 'எவரெஸ்ட்' ஆய்வில் 4,133 பேர் பங்கேற்றனர். டோல்வாப்டான் மருந்தால் சோடியம் உயர்ந்தது. ஆனால், ஆயுள் கூடவில்லை. இதயம் எவ்வளவு களைத்திருக்கிறது என்று காட்டும் எச்சரிக்கை விளக்குதான் சோடியம். விளக்கை அணைப்பதைவிட, இதயத்துக்கான சிகிச்சையைச் சீராக்குவதே முக்கியம்.

வீட்டில் கவனிக்க...

* தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

* ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

* நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

* கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நீர் தேக்கத்தை அதிகமாக்கும்.

* 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சில இதய மாத்திரைகளோடு அது ஆபத்து. கேட்காமல் மாற்றாதீர்கள்.

* குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், அதீத தூக்கம், வலிப்பு தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வயதானவர்களிடம் இதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக் கூடாது.

சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை நரம்புகள் பாதிக்கப்படலாம். அதனால்தான் மருத்துவமனையிலேயே அளந்து அளந்து ஏற்றுகிறார்கள். அடுத்த முறை ரிப்போர்ட்டில் எண் குறைந்திருந்தால், உப்பு ஜாடியைத் திறக்கும் முன் மருத்துவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.