தப்பி வந்த பிள்ளைகளின் கதையில் காதலுக்கு என்ன வேலை?

ரமணிசந்திரனையும் ராஜேஷ்குமாரையும் மாறி மாறி வாசித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறைய பேர். ஒருவர் காதலுக்கு, மற்றவர் கொலைக்கும் துப்புத் துலக்குவதற்கும். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்தால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் அதற்கென்றே ரொமான்டிக் சஸ்பென்ஸ் என்று ஒரு நாவல் வகை உண்டு. காதலர்கள் சேர்வார்களா, கொலைகாரன் பிடிபடுவானா என்ற இரு கேள்விகளும் கடைசி அத்தியாயம் வரை ஒன்றாகவே ஓடும்.

இந்த வகை நாவல்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கரு, 'கல்ட்' எனப்படும் மூடிய குழுவிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள். வளர்ந்து ஆளான பிறகு, விட்டு வந்த அந்தக் குழுவையே அவர்கள் மீண்டும் எதிர்கொள்வதுதான் கதை.

கல்ட் என்றதும் பலருக்கு மதம்தான் நினைவுக்கு வருகிறது. மதமே பேசாத குழுக்களும் இருக்கின்றன. என்ன நம்புகிறார்கள் என்பதைவிட, யார் கையில் பிடி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பணம், திருமணம், படிப்பு, வெளியுலகச் செய்தி என எல்லாவற்றையும் ஒரு தலைவர் முடிவு செய்வார். வெளியே இருப்பவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்பது அங்கே முதல் பாடம்.

அமெரிக்க எழுத்தாளர் கேரன் ரோஸ் எழுதிய மூன்று நாவல்கள் இதற்கு நல்ல உதாரணம்: 'சே யூ ஆர் சாரி' (2019), 'சே நோ மோர்' (2020), 'சே குட்பை' (2021). கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரம்தான் களம். நாயகன் கிடியன் எஃப்.பி.ஐ. அதிகாரி. 13 வயதில் 'ஈடன்' என்ற கற்பனைக் குழுவிலிருந்து தப்பியவன். சிறுமிகளை வயதில் மூத்த ஆண்களுக்கு மணமுடித்து வைக்கும் குழு அது. தன்னைத் தாக்கியவனின் கழுத்திலிருந்து ஒரு பெண் பறித்த லாக்கெட்டில் இருக்கும் சின்னமும், கிடியன் உடம்பில் குத்தப்பட்ட பச்சையும் ஒன்று. அங்கிருந்து கதை சூடு பிடிக்கிறது. இரண்டாம் நாவல் அவன் தங்கை மெர்சியுடையது. கொலைகளின் எண்ணிக்கை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மெர்சியின் தயக்கமும், யாரையும் நம்ப முடியாமல் அவள் படும் பாடும் கொலைகளைவிட மனத்தில் நிற்கின்றன.

குழுவில் சேர்ந்த பெரியவருக்கும் அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 30 வயதில் சேர்ந்தவர் வெளியேறினால், திரும்பிப் போக ஒரு பழைய வாழ்க்கை இருக்கிறது. பழைய நண்பர், விட்ட வேலை, பேசாமல் போன அண்ணன் என ஏதோ ஒன்று இருக்கும். அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு 'முன்பு' என்ற ஒன்றே கிடையாது. வெளியுலகம் அதற்கு அந்நிய நாடு. கொடுமைக்குக் கூட்டிப் போனவர்களும் பெற்ற தாய் தகப்பன்தான் என்பதால், யார் மீது கோபப்படுவது என்பதுகூடத் தெளிவாக இருக்காது.

இது நாவலாசிரியர்களின் கற்பனை அல்ல. 1993 பிப்ரவரி 28ஆம் தேதி டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகருக்கு அருகே, டேவிட் கொரேஷ் தலைமையிலான குழுவின் வளாகத்தை மத்திய அதிகாரிகள் முற்றுகையிட்டனர். 51 நாள் முற்றுகை தீயில் முடிந்து, 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்பே, முற்றுகையின் தொடக்க நாட்களில் 21 பிள்ளைகள் வெளியே விடப்பட்டிருந்தனர். அவர்களைக் கவனித்த மனநல மருத்துவர் புரூஸ் பெரி பின்னர் அந்த அனுபவத்தை நூலில் எழுதினார். ஓய்வாக இருந்தபோதும் பிள்ளைகளின் இதயம் இயல்பைவிட வேகமாகத் துடித்தது. ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் மட்டும் போதுமா, ஜாமும் வேண்டுமா என்று கேட்டால் குழம்பினார்கள், சிலருக்குக் கோபமே வந்தது. உள்ளே எல்லா முடிவையும் வேறு யாரோ எடுத்ததால், 'உனக்கு எது வேண்டும்' என்ற கேள்வியே அவர்களுக்குப் புதிது.

காதல் கதை இந்தக் கருவுக்குப் பொருந்திப் போவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. காதலில் இரண்டு விஷயங்கள் தேவை: ஒருவரை நம்ப வேண்டும், தானாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூடிய குழு பிள்ளையிடமிருந்து பறித்ததும் அவ்விரண்டையும்தான். நல்ல நாவலில் நாயகன் நாயகியைக் காப்பாற்றும் காட்சியைவிட, 'வேண்டாம்' என்று அவள் சொன்னதும் அவன் ஒதுங்கி நிற்கும் காட்சிக்குக் கனம் அதிகம். சொன்ன சொல்லுக்கு ஒருவர் கட்டுப்படுவதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த நாவல்கள் வாசகரை ஏமாற்றுகின்றன. ஒரு காதலன் போதும், எல்லாம் ஆறிவிடும் என்கின்றன. பெரியின் அனுபவம் வேறு. சிரிக்க வைக்க ஒருவர், அணைத்துக்கொள்ள ஒருவர், விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் என்று அந்தப் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய ஆளைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். பின்னாளில் நன்றாக வாழ்ந்தவர்கள் குறைவாகத் துன்பப்பட்டவர்கள் அல்லர், அன்பான சூழலுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் என்பது அவர் கண்ட முடிவு.

வில்லன் கதையும் அப்படித்தான். நாவலில் அவன் செத்துவிடுவான், அல்லது சிறைக்குப் போவான். ஆஸ்திரேலியாவில் 'தி ஃபேமிலி' என்ற குழுவை நடத்திய ஆன் ஹாமில்டன்-பர்ன், பிறர் பெற்ற பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று சொல்லி வளர்த்தார். அவர்கள் தலைமுடிக்கு வெளிர் பொன்னிறச் சாயம் பூசி, ஒரே மாதிரி உடுத்தி, பட்டினி போட்டு, மயக்க மருந்து கொடுத்தார்கள். விக்டோரியா மாநிலத்தின் எயில்டன் ஏரிக்கரை வீட்டில் போலீசார் புகுந்தது 1987இல். பல ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைத்த தண்டனை, பொய்ப் பத்திரம் தொடர்பான குற்றத்துக்கு 5,000 டாலர் அபராதம். 97 வயது வரை வாழ்ந்து 2019இல் காலமானார். அந்தச் சம்பவத்தைத் தழுவி ஜே.பி. போமாரே எழுதிய நாவல், 2023இல் 'தி கிளியரிங்' என்ற தொலைக்காட்சித் தொடராக வந்தது. தப்பி வந்தவள் தாயான பிறகும் பயம் விடவில்லை என்பதுதான் அதன் மையம். காதல் குறைவு, ஆனால் உண்மைக்குக் கொஞ்சம் கூடுதல் நெருக்கம்.

மூடிய சுவர்களுக்குள் வளரும் பிள்ளைகள் மலேசியாவுக்கும் புதிதல்ல. 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் காவல்துறை நடத்திய சோதனையில் 402 சிறார்கள் மீட்கப்பட்டனர். 1 வயது முதல் 17 வயது வரை, ஆண் 201, பெண் 201. செய்தி சில வாரங்கள் தலைப்பில் இருந்தது, பிறகு வேறு செய்தி வந்துவிட்டது. அன்று 17 வயதில் இருந்தவர்கள் இப்போது வேலை தேடி, வாடகைக்கு அறை எடுத்து, யாரோ ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாக வந்து சேரும் வயதில் இருக்கிறார்கள்.

சிறார்கள் துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே சேவையை 15999 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.